ஆட்டக்காரரின் பெயரில் ஒரு விலைப்பட்டியல்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். விளையாட்டின் நன்மைகளைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. அதனை நம் பிள்ளைகள் மைதானத்திலேயே அறிந்துகொள்வார்கள். விளையாடாமலேயே, ஆட்டம் நடக்கும் ஊரைக்கூடப் பார்க்காமலேயே, செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரர் இன்று இத்தனை ஓட்டங்கள் எடுப்பாரா மாட்டாரா என்று பணம் கட்டும் பழக்கத்தைப் பற்றியே பேச விரும்புகின்றோம். நிர்வாகக் குழுவின் முன் வருகின்ற குடும்ப வழக்குகளில் நகை அடகும், செயலிக் கடனும், அதன் பின்னால் இந்தப் பழக்கமும் தலைகாட்டுகின்றன என்பது இங்கு அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்குத் தெரியாததன்று.

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கின்றது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். புரியாமல் கண்டித்தால் பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பழைய பந்தயத்தில் இந்த அணி வெல்லுமா, அந்த அணி வெல்லுமா என்பதே கேள்வி. புதிய சந்தையில் கேள்வி ஒரு தனிமனிதர் மீது எழுப்பப்படுகின்றது. இன்னார் 50 ஓட்டங்களைக் கடப்பாரா? இன்னார் இரண்டு விக்கெட் எடுப்பாரா? கேள்விக்கு ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் இரண்டு சீட்டுகள் உண்டு. அரியானா மாநிலம் குருகிராமில் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘புரோபோ’ என்ற நிறுவனம் இதனை ‘கருத்து வர்த்தகம்’ என்ற பெயரில் நடத்தியது. இரண்டு சீட்டுகளின் விலையும் சேர்ந்து 10 ரூபாய். ‘ஆம்’ 6 ரூபாய்க்கு விற்றால் ‘இல்லை’ 4 ரூபாய். சரியாகச் சொன்னவருக்கு 10 ரூபாய். தவறாகச் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. ஆட்டம் நகர நகர இந்த விலை ஏறும், இறங்கும். நடுவிலேயே சீட்டை விற்றுவிட்டும் வெளியேறலாம். பங்குச் சந்தையின் தோற்றத்தை அப்படியே அணிந்துகொண்டு வந்ததால் படித்த பிள்ளைகளும் இதனைச் சூதாட்டம் என்று எண்ணவில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பே 2025 ஏப்ரல் மாதத்தில், இத்தகைய தளங்கள் தன் அதிகார வரம்பிற்குள் வாரா என்றும், அவற்றில் பணம் போடுவோர்க்கு முதலீட்டாளர்க்குரிய பாதுகாப்பு எதுவும் கிடையாது என்றும் பொதுமக்களை எச்சரித்தது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நம் ஊரில் 20 பேர் ஒரே கேள்விக்குச் சீட்டு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் 6 ரூபாய் வீதம் ‘ஆம்’ வாங்குகின்றனர்; பத்துப் பேர் 4 ரூபாய் வீதம் ‘இல்லை’ வாங்குகின்றனர். உள்ளே சென்றது 100 ரூபாய். நிறுவனம் தன் கூலியாக 5 ரூபாய் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால் வெளியே வருவது 95. இந்த 20 பேரில் யார் வென்றாலும் யார் தோற்றாலும், இருபது பேரின் பொதுப் பையிலிருந்து 5 ரூபாய் போய்விட்டது. ஓர் ஐ.பி.எல். பருவத்தில் 74 ஆட்டங்கள். ஆட்டத்திற்கு ஒரே ஒரு கேள்வி என்றாலும் 370 ரூபாய் ஊரைவிட்டுப் போய்விடும். ஆனால் ஓர் ஆட்டத்திற்கு ஒரு கேள்வியா கேட்கின்றார்கள்? வயலில் விளைந்த நெல் அளக்கும்போது ஒவ்வொரு மரக்காலிலும் ஒரு கைப்பிடியை எடுத்துக்கொள்பவனை நாம் களத்துமேட்டில் நிற்கவிடுவோமா?

‘டிரீம்11’ போன்ற கற்பனை அணி ஆட்டங்கள் இதற்கு மூத்தவை. 2008இல் தொடங்கி, 2020இல் ஐ.பி.எல். போட்டிக்கே பெயர் கொடுக்கும் அளவிற்கும், 2023இல் இந்திய அணியின் சட்டையில் இடம்பெறும் அளவிற்கும் அந்நிறுவனம் வளர்ந்தது. பதினோரு பெயர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சிறு கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பதினோரு பேரும் எடுக்கும் ஓட்டத்திற்கும் விக்கெட்டிற்கும் புள்ளிகள் சேர்ந்தன. இங்கும் விலை பேசப்பட்டது தனிமனிதரின் ஆட்டமே. இது திறமை விளையாட்டு என்று 2017ஆம் ஆண்டு பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பைத்தான் பிள்ளைகள் நம்மிடம் எடுத்துக்காட்டுகின்றனர். “கிரிக்கெட் அறிவு இருந்தால் வெல்லலாம் மாமா, இது சீட்டுக்கட்டு அல்ல” என்கின்றனர்.

அந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. அறிவு உள்ளவர் வெல்லக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் எவருடைய அறிவு? அன்று காலை பயிற்சியில் ஓர் ஆட்டக்காரரின் கணுக்கால் பிசகியதை அறிந்தவர் அணியின் உள்ளே இருப்பவர். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, கண் எரிச்சலோடு செல்பேசியைத் திறக்கும் நம் பிள்ளை அல்லர். எதிர்ச்சீட்டை வாங்கியவர் யார், எவ்வளவு அறிந்தவர் என்பது இவருக்குத் தெரியாது. சந்தையில் மாடு வாங்கப் போகும் விவசாயி பல்லையாவது பிடித்துப் பார்ப்பார்.

இங்கே நாம் அமெரிக்காவில் நடந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அங்கு கூடைப்பந்து பெரும் விளையாட்டு. 2018 மே 14 அன்று அந்நாட்டின் உச்சநீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிப்பதற்கு இருந்த தடையை நீக்கியது. அதன் பின்னர் ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயருக்கும் எதிரே ஓர் எண்ணைப் போட்டு, அதற்கு மேலா கீழா என்று பணம் வாங்கும் வழக்கம் வெள்ளமாகப் பெருகியது. டொரண்டோ ராப்டர்ஸ் அணியில் ஜோன்டே போர்ட்டர் என்றொரு இளைஞர் இருந்தார். அவர் நட்சத்திர ஆட்டக்காரர் அல்லர். மாற்று ஆட்டக்காரராகச் சிறிது நேரம் இறங்குபவர். சூதாட்டத்தில் அவருக்குப் பெருங்கடன் ஏற்பட்டிருந்தது. ஆட்டத்திலிருந்து சீக்கிரம் வெளியேறிவிட்டால் போதும், கடனைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று கடன் கொடுத்தவர்கள் வழிகாட்டினர். 2024 ஜனவரி 26 அன்று சுமார் 4 நிமிடங்கள் ஆடிவிட்டுக் கண்ணில் காயம் என்று வெளியேறினார். மார்ச் 20 அன்று சுமார் 3 நிமிடங்கள் ஆடிவிட்டு உடல்நலமில்லை என்று அமர்ந்துவிட்டார். அந்த மார்ச் மாத ஆட்டத்தில், அவர் குறைவாகவே ஆடுவார் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். அதற்கு 11 இலட்சம் டாலர் கிடைக்க வேண்டியிருந்தது. ஒரு சாதாரண மாற்று ஆட்டக்காரரின் பெயரில் இவ்வளவு பணமா என்று பந்தய நிறுவனத்திற்கே ஐயம் எழுந்து, பணத்தை நிறுத்தி வைத்தது. ஏப்ரல் 17 அன்று என்.பி.ஏ. அமைப்பு போர்ட்டருக்கு வாழ்நாள் தடை விதித்தது. ஜூலையில் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

2025 அக்டோபர் 23 அன்று மயாமி அணியின் டெர்ரி ரோசியர் என்ற ஆட்டக்காரரும் கைது செய்யப்பட்டார். 2023 மார்ச்சில் வேறோர் அணிக்கு ஆடிய காலத்தில், தாம் பாதியில் வெளியேறப்போவதை முன்கூட்டியே சொல்லி, பிறர் பந்தயம் கட்ட உதவினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதனை மறுத்துள்ளார்; தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஓர் அணியைத் தோற்கடிக்கப் பலரை விலைக்கு வாங்க வேண்டும். அது கடினம், செலவும் மிகுதி. ஒரு மனிதரின் எண்ணிக்கையைக் கெடுக்க அந்த ஒரு மனிதர் போதும். அணி தோற்க வேண்டியதில்லை, கூட்டாளிக்குத் தெரிய வேண்டியதில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஆகவே தனிமனிதரின் ஆட்டத்தை விலைபேசும் சந்தை எங்கே திறக்கின்றதோ, அங்கே பலவீனமான ஓர் ஆட்டக்காரரைத் தேடிப் பணம் நடந்து போகும். பெரும்பாலும் அவர் இளையவராகவும் ஏழை வீட்டுப் பிள்ளையாகவும் இருப்பார்.

கிரிக்கெட்டில் இதனை நாம் முன்பே பார்த்தோம். 2010 ஆகஸ்டில் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் அணி ஆடியபோது, குறிப்பிட்ட பந்துகளை நோ-பாலாக வீச முன்கூட்டியே பேரம் பேசப்பட்டது. செய்தித்தாள் ஒன்று இரகசியமாகக் கொடுத்த தொகை ஒன்றரை இலட்சம் பவுண்டு. ஆட்டத்தின் முடிவை அந்த நோ-பால்கள் மாற்றவில்லை. வீசியவர்களில் ஒருவரான முகம்மது ஆமிருக்கு அப்போது வயது 18, சிற்றூரிலிருந்து வந்தவர், உலகின் சிறந்த வேகப்பந்து வீச்சாளராக வருவார் என்று எல்லோராலும் எதிர்பார்க்கப்பட்டவர். 2011 நவம்பரில் இலண்டன் நீதிமன்றம் அவருக்கு 6 மாதமும், அணித் தலைவர் சல்மான் பட்டுக்கு 30 மாதமும் சிறைத் தண்டனை விதித்தது. ஆமிர் மீது ஐந்தாண்டுத் தடையும் விழுந்தது. நம் நாட்டில் 2013 மே மாதம் ராஜஸ்தான் அணியின் மூவர், ஓர் ஓவரில் இத்தனை ஓட்டங்கள் கொடுப்பதற்கு உடன்பட்டனர் என்று டெல்லிக் காவல்துறையால் கைது செய்யப்பட்டனர். 2015இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது. ஆயினும் அவர்களுடைய இளமைக்கால ஆட்டம் திரும்பி வரவில்லை.

இப்போது மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். ஸூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்துத் தடுக்கின்றன என்பதை மதரஸா செல்லும் சிறுவனும் அறிவான். அங்கே சொல்லப்படும் காரணங்களை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்: மக்களிடையே பகைமூட்டுவதும், தொழுகையைவிட்டுத் திருப்புவதும். ஐ.பி.எல். இரவு ஆட்டம் தொடங்குவது 7.30 மணிக்கு, இஷாவுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஆட்டம் சூடுபிடித்திருக்கும். அமெரிக்கக் கூடைப்பந்தோ நம் நேரத்திற்கு விடியற்காலையில் நடக்கின்றது; அங்கே இரவு, இங்கே பஜ்ரு. விளையாட்டைப் பார்ப்பவர் ஓர் ஓவர் விட்டுத் தொழுதுவிட்டு வரலாம். பணம் கட்டியவரால் முடியாது. அவருடைய விலை ஒவ்வொரு பந்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றது.

அறியாமைக் கால அரபுகளின் ‘மைஸிர்’ எப்படி நடந்தது என்பதையும் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். ஒட்டகத்தை அறுத்துப் பங்கிடுவார்கள். பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறுமையானவை. தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை பேசிக்கொள்வார்கள். அதாவது தர்மம் அதிலே இருந்தது! ஸூரத்துல் பகராவின் 219ஆம் வசனமும் அதில் மக்களுக்குப் பயன் அறவே இல்லை என்று கூறவில்லை. தீமையே பெரிது என்று கூறுகின்றது. ஏழைக்கு இறைச்சி கிடைத்த சூதாட்டமே தடுக்கப்பட்டது என்றால், ஏழையின் கூலியே கரைந்து போகும் சூதாட்டத்தைப் பற்றி நீண்ட ஆய்வு எதற்கு?

மற்றொரு வரலாற்றையும் நம் இளைஞர்கள் சிலர் எடுத்துப் பேசுகின்றனர். ரோமர்கள் பாரசீகரிடம் தோற்றிருந்த காலத்தில், சில ஆண்டுகளுக்குள் ரோமர்கள் மீண்டும் வெல்வார்கள் என்று ஸூரத்துர் ரூம் முன்னறிவித்தது. அதனை நம்பி ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்காவின் இணைவைப்போருடன் ஒட்டகங்களைப் பந்தயம் வைத்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. முன்னறிவிப்பின் மீது பந்தயம்! இன்றைய சந்தைக்கு இதனைவிட நெருங்கிய உதாரணம் வேறில்லை. ஆனால் அந்த அறிவிப்பிலேயே, அது பந்தயம் தடுக்கப்படுவதற்கு முன் நிகழ்ந்தது என்ற குறிப்பும் உள்ளது. அங்கே ஆதாரமாக இருந்தது இறைவனின் வாக்கு. இங்கே இருப்பது வர்ணனையாளரின் பேச்சு.

திறமை பற்றிய கேள்விக்கும் மார்க்கத்தில் விடை இருக்கின்றது. அம்பெய்தல், ஒட்டக ஓட்டம், குதிரை ஓட்டம் ஆகியவற்றில் பரிசு அனுமதிக்கப்பட்டது. அந்தப் பரிசு எய்தவருக்கும் ஓட்டியவருக்கும் உரியது. திண்ணையில் அமர்ந்து இவர் வெல்வார், அவர் தோற்பார் என்று காசு வைத்தவருக்கு உரியதன்று. ஆட்டக்காரரின் திறமையைப் பார்வையாளர் தம் திறமையாகக் கணக்கெழுதிக் கொள்வதுதான் இந்தத் தொழிலின் முழு இரகசியம். இந்த வேறுபாட்டை நம் நாட்டின் சட்டம் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பார்க்கவில்லை. குதிரைப் பந்தயத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 1974இல் சட்டம் இயற்றியது. 1996இல் உச்சநீதிமன்றம் அது திறமை சார்ந்தது என்று கூறிவிட்டது. ஆன்லைன் ரம்மிக்கும் அதே வாதம்தான் துணை நின்றது. தமிழ்நாடு 2023 ஏப்ரலில் கொண்டுவந்த தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பின்னர் 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டிற்குப் பூட்டுப் போடும் விதியைத் தமிழ்நாடு கொண்டுவந்தது.

அந்தப் பூட்டும் நமக்கு உதவவில்லை; நாம் புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள். பாகூரிலிருந்து புறப்பட்டால் சிறிது தொலைவில் கடலூர் மாவட்டம். வில்லியனூரைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். நடுவிலும் இரண்டு ஆட்சிகளின் ஊர்கள் பின்னிக் கிடக்கின்றன. பெட்ரோல் விலைக்கும் மதுக்கடைக்கும் எல்லை தாண்டும் பழக்கம் இந்த வட்டாரத்திற்குப் புதிதன்று. அங்கே லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்ட பின்னரும், காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் மூன்று நம்பர் சீட்டு இந்தப் பக்கம் எத்தனை குடும்பங்களைப் பிடித்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

நாடு முழுமைக்குமான சட்டம் 2025இல் வந்தது. ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே அது ஓரமாக வைத்துவிட்டது. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் விளையாட்டு எதுவாயினும் நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்; விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 இலட்சம் வரை. ஆண்டுதோறும் சுமார் 45 கோடிப் பேர் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை இழப்பதாக ஒன்றிய அரசு அப்போது மதிப்பிட்டது. டிரீம்11 பண ஆட்டங்களை நிறுத்தியது. இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அதன் பெயர் நீங்கியது. புரோபோவும் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. நிறுவனங்கள் தொடுத்த வழக்குகள் உச்சநீதிமன்றத்திற்குச் சென்றன.

கடை மூடப்பட்டதால் தாகம் தீர்ந்துவிடவில்லை. வெளிநாட்டில் பதிவு பெற்ற தளங்களும், டெலிகிராம் குழுக்களும் அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கின்றன. இங்கே இரண்டு செய்திகளைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாவது, அந்தச் சட்டம் விளையாடி ஏமாந்தவரைத் தண்டிப்பதில்லை. ஆகவே பணத்தை இழந்த பிள்ளை காவல்துறைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மோசடியாகப் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். இரண்டாவது, “உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கொஞ்சநாள் கொடு, மாதம் கமிஷன் தருகிறோம்” என்று எவரேனும் கேட்டால் அது இந்தப் பணத்தைக் கடத்துவதற்காகவே இருக்கக்கூடும். கணக்கு முடக்கப்படும், வழக்கு கணக்கின் சொந்தக்காரர் பெயரில் வரும். கஷ்டத்தில் இருக்கும் வீட்டைப் பார்த்தே இத்தகையவர்கள் வருகின்றார்கள். பட்டதாரிப் பிள்ளைகளும் இதில் சிக்கிக்கொள்கின்றனர்.

ஏற்கெனவே கடனில் விழுந்தவரை ஜமாஅத் என்ன செய்வது? இது நம் குழுவின் முன் நிற்கும் மெய்யான கேள்வி. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். பாவமான செயலுக்காகப் பட்ட கடனை ஜகாத்திலிருந்து அடைக்கலாகாது என்றும், அவர் உண்மையாகத் தவ்பா செய்து விலகிவிட்டால் கொடுக்கலாம் என்றும் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் எழுதியுள்ளனர். விலகினார் என்பதை எப்படி அறிவது? சிலர், பணத்தைக் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவரிடமே செலுத்திவிடலாம் என்கின்றனர். நம் கருத்தும் அதுவே. கையில் கொடுத்தால் இழந்ததை மீட்க இன்னும் ஒரே ஓர் ஆட்டம் என்று மனம் சொல்லும்; போர்ட்டரையும் அந்தப் பேச்சுதான் அழித்தது. தெளிவான ஃபத்வாவை ஆலிம்களிடம் எழுத்தில் பெற்றுக் குழு முடிவெடுக்கட்டும். ஆனால் அத்தகையவரின் பெயரை ஜும்ஆ மேடையில் வாசிப்பதையும், நிக்காஹ் பதிவேட்டை நிறுத்தி வைப்பதையும் நாம் ஏற்கவில்லை. பெயர் வெளியான பிறகு அவர் பள்ளிவாசலுக்கு வரமாட்டார். செல்பேசி மட்டும் அவரோடு இருக்கும். இது ஒரு நோயாகவும் மருத்துவ உலகில் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கின்றது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம். வீட்டில் உறங்காமல் புரளும் பிள்ளைக்கு இந்த எண்ணைக் கொடுப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

கடைசியாக நம் இளைஞர் அணிகளுக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் வட்டார அணிகளை அழைத்து கிரிக்கெட் போட்டி நடத்துவது நல்ல வழக்கம். ஆனால் ஒவ்வோர் அணியிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தையே சேர்த்து முதல் பரிசாகக் கொடுப்பதைப் பற்றி ஆலிம்கள் பலர் கவலை தெரிவித்துள்ளனர். எல்லோரும் பணம் போட்டு வென்றவர் எடுத்துக்கொள்வது சூதின் வடிவம் என்கின்றனர். மைதானச் செலவுக்கும் பந்துக்கும் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கை எழுதி வையுங்கள். பரிசுத் தொகையை ஆடாத ஒருவர் தம் சொந்தப் பணத்திலிருந்து தரட்டும். இவ்வாண்டுப் பரிசுக்கு வெளிநாட்டில் வேலை செய்யும் சகோதரர்களிடம் கேட்பதற்குச் செயலாளர் அவர்கள் இசைந்துள்ளார்கள். அணித் தலைவர்கள் வரும் ஜும்ஆவுக்குப் பின் அவரைச் சந்தித்துத் தேதியை முடிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். ஆட்டங்களை அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்குள் முடிப்பதா, காலையில் வைப்பதா என்பதையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.